மூக்கு வெளியே பார்த்த வண்டி

காகிதத்தை இப்படிக் கொடுங்க தம்பி. காற்றில் பறந்துவிடும், ஸ்பேனருக்கு அடியில் வைக்கிறேன்.

ம். முன்சக்கரம் சாய்வு மைனஸ் மூணு டிகிரி. மூக்கு வெளியே மூணு மில்லிமீட்டர். பின்னால் ஷாக் அப்சர்பர் ஏழு கிளிக்.

இது உங்கள் கையெழுத்து இல்லை. யார் எழுதியது என்று நான் கேட்கவே இல்லை, கவனிச்சீங்களா? கேட்க வேண்டியதில்லை. ஏழுக்கு இடுப்பில் கோடு போடுகிற ஆள் கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். இருகூர் பக்கம் தகரக் கொட்டகை போட்டிருக்கிறாளே, மிருதுளா. முதலில் அங்கேதான் போயிருக்கிறீங்க. மூணு வாரம் ஆகும் என்றிருப்பாள். உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போட்டி. சரி, அளவு எழுதித் தருகிறேன், எங்கேயாவது கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியிருப்பாள். என் பேரைச் சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டாள். வேண்டாம், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். உட்காருங்க, அந்த ஸ்டூல் ஆடாது.

வேலை ஒரு மணி நேரம். கை அது பாட்டுக்கு வேலை பார்க்கும். வாய் சும்மா இருக்காது, பழகிவிட்டது.

அந்தத் திரையைப் பாருங்க. நாலு சக்கரத்திலும் தகடு மாட்டினால் கேமரா பார்த்துச் சொல்லிவிடும். கம்பெனிக்காரன் சொன்ன அளவுக்குள் இருந்தால் கட்டம் பச்சை. தாண்டினால் சிவப்பு. கடை வைத்து இருபத்திரண்டு வருஷம், இந்த மிஷின் வாங்கிப் பதினோரு வருஷம். சிவப்புக் கட்டத்தோடு ஒரு வண்டி இந்த வாசலைத் தாண்டியதில்லை. காகிதத்தின் தலையில் என் பேர் இருக்கிறதே, 'நாச்சிமுத்து வீல் அலைன்மென்ட், சிங்காநல்லூர்', அதற்குக் கீழே சிவப்பு வந்ததில்லை. இவள் வருகிற வரைக்கும்.

போன வருஷம் பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். சிவப்பாக ஒரு ரெண்டு சீட்டு வண்டி வந்து நின்றது. சோப்பு டப்பாவுக்குச் சக்கரம் வைத்த மாதிரி. யாரோ மில் முதலாளி ஆசைக்கு வெளிநாட்டிலிருந்து இறக்கி, அலுத்துப்போய்க் கொட்டகையில் போட்டு வைத்திருந்ததாம். இவள் வாங்கி, துருவெல்லாம் சுரண்டி ஓடவைத்திருக்கிறாள். பகலில் பம்பு கம்பெனியில் டிசைன் வேலை. லீவு நாளில் இது. ஆட்டோகிராஸ். உங்களுக்குத் தெரியும், நீங்களும் அந்தக் கூட்டம்தானே. மைதானத்தில் ரப்பர் கூம்பை நட்டு, அதைச் சுற்றிச் சுற்றி ஓட்டி, கடிகாரம் பிடித்துக் கைதட்டுவது. ஊர் போய்ச் சேராத ஓட்டம்.

இதே மாதிரி ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"ஏனுங்ணா, முன்சக்கரம் ரெண்டும் முன்விளிம்பு விரிஞ்சு, மூக்கு வெளிய பாக்கற மாதிரி வெக்கணும்."

"உள்ள பாக்கோணும் அம்மிணி. வெளிய பாத்தா ரோட்டுல வண்டி அலையும்."

"அலையட்டும்ங்ணா. எனக்கு ஸ்டீரிங்கைத் தொட்டதும் திரும்போணும். மூக்கு உள்ள இருந்தா யோசிச்சு யோசிச்சுத் திரும்புது."

"சாய்வு என்ன இவ்வளவு? சக்கரத்தோட தலை உள்ள விழுந்து கெடக்குமே, மொண்டி மாதிரி?"

"வளையும்போது வண்டி வெளிப்பக்கம் சாயுதில்லீங்ளா? அப்ப அந்தச் சக்கரம் நிமிந்து முழுசாத் தரையில ஒக்காரும். நின்னுட்டு இருக்கறப்ப அழகா இருந்து என்னங்ணா பண்றது?"

எனக்குப் பாடம். இருபத்தாறு வயசு. என் முன்னால் நின்றுகொண்டு, சிரித்துக்கொண்டு. சிரிப்பு மரியாதையான சிரிப்புதான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எனக்கு அது இறங்கவில்லை.

வைத்துக் கொடுத்தேன். கேட்டதைச் செய்தேன், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்க, முதல் தடவை கேட்டதைக் கேட்டபடியே செய்தேன். திரை பூராவும் சிவப்பு. திரையைத் துணி போட்டு மூடலாமா என்று பார்த்தேன். அவள் என்னடாவென்றால், "சூப்பருங்ணா, ஒரு பிரிண்ட் குடுங்க" என்று வாங்கி, சாமி படம் மாதிரி மடிக்காமல் எடுத்துப் போனாள்.

போகிறபோது மேலே பார்த்தாள். அந்தச் சட்டத்தில் அப்போது ரெண்டு இரும்புக் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. மிஷின் வருவதற்கு முன்னால் நான் வேலை பார்த்தது அதில்தான். வண்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று கட்டி, ரெண்டு பக்கமும் நைலான் நூல் இழுத்து, நூலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஸ்கேல் வைத்து அளப்பது. முனையில் 'நா.மு.' என்று நானே வெல்டிங்கில் எழுதியிருந்தேன்.

"இதை யூஸ் பண்றீங்ளாங்ணா?"

"அதா? இரும்புக்கடைக்குப் போடறதுக்கு வெச்சிருக்கறேன். வேணும்னா எடுத்துட்டுப் போ."

கொடுத்தேன். என் கையால். கயிறு போட்டு அவள் வண்டியில் கட்டியும் விட்டேன். புத்தி எங்கே போயிற்றோ.

அந்த மாசம் போட்டியில் அவள் முதலாவதாக வந்தாள். வரட்டும், எனக்கென்ன. வந்தவள் சும்மா இருக்கக் கூடாதா? அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். 'நன்றி நாச்சிமுத்து அண்ணா' என்று கீழே எழுதி, ரெண்டு கும்பிடு வேறு. போட்டோவில் என் கடைப் பேர் பெரிசாகத் தெரிகிறது. கீழே வரிசையாகச் சிவப்பு. அது எப்படியோ சுற்றிச் சுற்றி டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில் டீக்கடையில் சின்னராசு கேட்கிறான், நாலு பேர் நடுவில். "என்னங்ணா, கண்ணு ஆபரேசன் பண்ணிக்கலையா? ஒரு கட்டங்கூடப் பச்சையில்ல?" அவன் வண்டிக்கு எட்டு வருஷமாக நான்தான் பார்க்கிறேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

நீங்கள் சிரிக்காதீங்க தம்பி.

ஏப்ரலில் மறுபடியும் வந்தாள். சக்கரத்தைத் தாங்குகிற கீழ்க்கையில் ரப்பர் புஷ் மாற்றியிருந்தாள். அதைக் கழற்றி மாட்டினால் அளவு தள்ளிப்போகும், திரும்ப வைக்க வேண்டும். அதே அளவு, அதே காகிதம். ஆனால் முகம் வேறு மாதிரி இருந்தது. "இந்த ஞாயித்துக்கிழமை ஒரு டீம்காரங்க பாக்க வர்றாங்கங்ணா. ஃபர்ஸ்ட் வர்றவங்களுக்கு அடுத்த சீசன் பூராவும் அவங்க வண்டி, அவங்க செலவு. கம்பெனியில லீவு போட்டுட்டு ரெண்டு வாரமா இதே பொழப்பா இருக்கறேன்" என்றாள். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் சாப்பிடப் போனாள்.

டயரைப் பார்த்தேன். உள்விளிம்பு தேய்ந்து நூல் தெரிகிற மாதிரி இருந்தது. ஒரு பெண்பிள்ளை, இந்த டயரை வைத்துக்கொண்டு அவினாசி ரோட்டில் போகிறாள். எனக்கும் பெண் இருக்கிறாள் தம்பி, கட்டிக் கொடுத்துப் பல்லடத்தில் இருக்கிறாள். மனசு கேட்குமா? சாய்வு டயரை மெல்லத் தின்னும். மூக்கு கடித்துத் தின்னும். அதனால் மூக்கை மட்டும் கம்பெனி அளவுக்குக் கொண்டுவந்தேன். அரை மில்லி உள்ளே, ரெண்டு பக்கமும். அந்தக் கட்டம் ரெண்டும் பச்சையானபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சாய்வை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்பீங்க. சாய்வு கண்ணுக்குத் தெரியும். பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவாள். மூன்று மில்லி மூக்கை யார் கண்ணால் பார்க்க முடியும்?

நல்லதுக்குச் செய்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

வந்து பிரிண்ட் கேட்டாள். மை இல்லை அம்மிணி, நாளைக்கு வாங்கிப் போட வேண்டும் என்றேன். பொய்யா என்றால் பொய்தான். ஆனால் யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். அவளும் "பரவால்லீங்ணா, நீங்க வெச்சாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு நிமிஷம் இருங்க. இந்த ஆம்னிக்காரர் காலையிலேயே வண்டியை விட்டுவிட்டுப் போனவர். பேப்பர் எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன்... இந்தாங்க சண்முகவேலு, எல்லாம் பச்சை. மையெல்லாம் நல்லாத்தான் இருக்குது, கைல தேய்க்காதீங்க, ஈரம். ஆமா, ஐயாயிரம் கிலோமீட்டர் கழிச்சு வாங்க.

பார்த்தீங்களா அந்த மனுஷன் முகத்தை? அதுதான் வாடிக்கைக்காரர். பச்சையைப் பார்த்ததும் ஒரு நிம்மதி. சரி, எங்கே விட்டேன்?

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். சூலூர் தாண்டி ஒரு காலேஜ் மைதானம். அவளைப் பார்க்கப் போகவில்லை. வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். என்ன வேலை என்று என் சம்சாரமும் கேட்டாள், உங்களுக்கும் அதே பதில்தான், வேறு வேலை. இளநீர் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன், வெயிலுக்காக.

ஆளுக்கு மூன்று ஓட்டம். மூன்றில் எது குறைவோ அதுதான் கணக்கு. ஒரு கூம்பைத் தட்டினால் ரெண்டு வினாடி கூட்டுவார்கள். முதல் ஓட்டத்தில் இவள் வண்டி திரும்பவே மாட்டேன் என்றது. ஸ்டீரிங்கை ஒடிக்கிறாள், வண்டி நேராகப் போய்விட்டு அப்புறம் வருகிறது. ரெண்டாவது ஓட்டத்தில் அதைவிட மோசம், ரெண்டு கூம்பு பறந்தது. டீம்காரர்கள் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

இவள் இறங்கினாள். அழுவாள் என்று பார்த்தேன். வண்டியை ஓரமாகச் சமதரையில் நிறுத்தி, டிக்கியைத் திறந்து என் குழாய் ரெண்டையும் எடுத்தாள். கட்டினாள். நூலை இழுத்தாள். மண்ணில் படுத்து ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் போய்ப் படுத்தாள். திரும்ப இந்தப் பக்கம் வந்தாள். மூன்று தடவை பார்த்தாள் தம்பி. அப்புறம் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள். ரெண்டு ஸ்பேனரை எடுத்து, சக்கரத்தைத் திருப்புகிற டை ராடின் நட்டை இளக்கி, பக்கத்துக்கு ஒரு திருகு, அளந்து, கால் திருகு, அளந்து, பூட்டினாள். பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும். மிஷின் இல்லாமல். வேலை சுத்தம். அதை நான் எந்தக் காலத்திலும் இல்லை என்று சொன்னதில்லை.

இளநீர்க்காரன், "அந்தப் புள்ள என்னங்க பண்ணுது, கோலம் போடுதா?" என்று கேட்டான். இன்னொரு இளநீர் வெட்டச் சொன்னேன்.

மூன்றாவது ஓட்டம். வண்டி பம்பரம். வெறும் நேரத்தைப் பார்த்தால் அன்றைக்கு அவள்தான் முதல், அரை வினாடி முன்னால். ஆனால் கடைசி வளைவில் ஒரு கூம்பைப் பின்பக்கம் தொட்டுவிட்டது. தொட்டதுதான், விழக்கூட இல்லை, நகர்ந்தது. ரெண்டு வினாடி ஏறியது. மூன்றாவது இடம். டீம்காரர்கள் திருப்பூர்ப் பையன் ஒருத்தனுக்குக் கை கொடுத்தார்கள்.

இப்போது சொல்லுங்க. அவள் கேட்ட அளவு இருந்தபோதுதானே கூம்பைத் தொட்டாள்? அது என் தப்பா? முதல் ரெண்டு ஓட்டமும் வீணாகிப்போனதால் மூன்றாவதில் உயிரைப் பணயம் வைத்து ஓட்டினாள் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் எதற்குத்தான் காரணம் சொல்ல முடியாது?

மறுநாள் கடை திறக்கும்போதே வந்து நின்றாள். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். எனக்கும் வாய் இருக்கிறது. சத்தமே போடவில்லை.

"மூக்கை மாத்தினீங்ளாங்ணா?"

"அளவு எப்படியாச்சும் நகுந்திருக்கும் அம்மிணி. புது புஷ்ஷு, ஒக்காரும்போது..."

"நகுந்திருந்தா ரெண்டு பக்கமும் வேற வேறயா இருக்கும்ங்ணா. ரெண்டு பக்கமும் ஒண்ணு போல அரை மில்லி. இந்த ஊர்ல அவ்வளவு சுத்தமா வெக்கற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

கேட்டீங்களா? அவள் வாயாலேயே சொன்னாள். இந்த ஊரில் சுத்தமாக வைக்கிற ஆள் நான் ஒருத்தன்தான். அதை மட்டும் ஒருத்தனும் வாட்ஸ்அப்பில் போடவில்லை.

"உன்ற டயரைக் காப்பாத்தினேன்" என்றேன்.

"டயரு என்றதுங்ணா. தேஞ்சா நான் வாங்கிக்குவேன். ஞாயித்துக்கிழமைய எங்க போய் வாங்கறது?"

அவள் பிரிண்டர் பக்கம் போனாள். மை இல்லை என்று அவளிடம் சொன்ன அன்றைக்கே சாயங்காலம் வேறொரு வண்டிக்கு எடுத்த காகிதம், தேதியோடு அதில் கிடந்தது. அதை எடுத்து மேஜையில் வைத்தாள், என் பக்கம் திருப்பி. கறுப்புக் கறுப்பாக, பச்சை பச்சையாக, நல்ல மை. "குழாய நானே வெச்சுக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் சொன்னேன். ஆறுதலாக ரெண்டு வார்த்தை வரும் என்று நினைத்தேன். சரசா வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்கிறாள், "காப்பி கேட்ட புள்ளைக்கு மோரைக் குடுத்துப்போட்டு, ஒடம்புக்கு நல்லதுங்கறீங்க. அதுவும் காப்பின்னு சொல்லிக் குடுத்திருக்கறீங்க." முப்பத்தி நாலு வருஷம் என்னோடு இருந்தவள் பேசுகிற பேச்சு.

அப்புறம்தான் அந்தத் தகரக் கொட்டகை. தரையில் நாலு கிரானைட் பலகை, ரசமட்டம் வைத்துச் சமமாகப் பதித்திருக்கிறாளாம். மேலே என் குழாய். சனி ஞாயிறு மட்டும்தான், அதற்கே மூணு வாரம் காத்திருக்கிறார்கள். ஈரோட்டிலிருந்து வருகிறார்கள், மைசூரிலிருந்து வருகிறார்கள். நூல்! பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் கீழே போட்ட நூல். பத்து லட்சத்துக்கு மிஷின் வைத்துக்கொண்டு நான் ஆம்னிக்கும் டாக்ஸிக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இவள் நூலைப் பிடித்துக்கொண்டு பெரிய ஆள். போன மாசம் சின்னராசு சொல்கிறான், "அந்தப் புள்ளகிட்டக் கூட்டம் ஆகுது, நீங்களும் ஒரு நூல் வாங்கித் தொங்க விடுங்ணா" என்று. அவன் வண்டியை இனி நான் தொடுவதில்லை என்று இருக்கிறேன். தொட்டாலும் பேசுவதில்லை.

நான் அவள் வாய்ப்பைக் கெடுத்தேன் என்று ஊரெல்லாம் பேச்சு. யாராவது வந்து என்னைக் கேட்டார்களா? நீங்கள்தான் தம்பி முதல் ஆள், முழுசாக உட்கார்ந்து கேட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, நியாயம் புரிகிற ஆள் என்று.

ஆச்சுங்க. முடிஞ்சது. இறக்கிக்கலாம்.

திரையா? அணைச்சுட்டேனே. நாள் பூரா ஓடினா சூடாகிக்கும். எல்லாம் நீங்க கேட்ட மாதிரிதான் இருக்குது. சாய்வைப் பாருங்க, கண்ணுக்கே தெரியுது. ஷாக் அப்சர்பர் ஏழு கிளிக், எண்ணிப் பாத்துக்கங்க.

பிரிண்டா?

அட, பாருங்க. அந்த ஆம்னிக்காரருக்கு எடுத்ததுதான் கடைசி. அன்னிக்குச் சொன்னது வேறங்க தம்பி. இன்னிக்கு நெஜமாவே மை இல்லீங்க.

காகிதம் எதுக்கு இப்ப? இருங்க, ஸ்பேனருக்கு அடியில இருக்குது. இந்தாங்க. பின்பக்கமா? பின்பக்கம் நான் பாக்கலையே. என்ன எழுதியிருக்குது? கண்ணாடி மேஜை மேல இருக்குது, நீங்களே படிங்க.

"மை இல்லைன்னு சொன்னா, நூல் புடிச்சுப் பாருங்க."

இதுவும் அவ எழுதுனதுதான்.

டிக்கியத் தொறக்காதீங்க தம்பி. வேண்டாங்க. அது என்ற குழாய்தானே, அதையும் குடுத்தனுப்பிட்டாளா? வெளிய எடுக்காதீங்க. வாசல்ல ஆளுக போறாங்க, வர்றாங்க, டீக்கடை நேரா எதுத்தாப்பலதான். நான் சொல்றதைக் கேளுங்க. ஏறி உக்காந்து வண்டியப் பின்னால எடுங்க. மறுபடியும் மேல ஏத்துங்க. மூணு மில்லிதானே? வெளியதானே? வெச்சுத் தர்றேன். சிவப்புலயே பேப்பரும் எடுத்துத் தர்றேன், மை இருக்குது.

ஆனா மேல என்ற கடைப் பேரு இருக்குதில்லீங்ளா, அதை மட்டும் கிழிச்சுட்டுத்தான் குடுப்பேன்.